சுவரோரத்து ஈரம்

அந்த ஈரத்தை முதலில் பார்த்தது குளிர்காலத்தின் தொடக்கத்திலா நடுவிலா என்பது இப்போது உறுதியாக நினைவில்லை. அவளே பிற்பாடு இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குக் கையில் இருந்தது நீலத் துண்டு என்று ஒரு தடவை சொன்னாள், இன்னொரு தடவை வெள்ளைத் துண்டு என்றாள். இரவு வேலை முடிந்து வந்து மெத்தையைத் தூக்கியபோது கை எங்கே நனைந்தது என்பதில் மட்டும் இரண்டு தடவையும் மாற்றமில்லை. சுவரோரம். அவள் படுக்கிற பக்கம். அந்த வாரம் முழுக்க அவள் அங்கே இரவில் படுக்கவே இல்லை.

அவர்கள் குடியிருந்தது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற டிரெய்லர் வீட்டில். இழுப்பதற்குக் காரும் கிடையாது, போவதற்கு ஊரும் கிடையாது. சாலையை அகலப்படுத்த வாடகை வீட்டை இடித்தபோது, டயர் மாற்ற வந்த யாரோ ஒருவர் இனி ஊர் சுற்றப்போவதில்லை என்று சொல்லி விட்டுப்போன வண்டி அது. கணவர் டயர் கடைக்காரர். கடைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் நான்கு செங்கல்லை முட்டுக்கொடுத்து அதை நிறுத்தினார். "ரெண்டே மாசம், வேற வீடு பார்த்துடலாம்" என்றார். இரண்டு மாதம் இரண்டு வருஷமாகிச் சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்துவிட்டது. உள்ளே நின்றால் ஒரு கையால் அடுப்பையும் மறு கையால் கதவையும் தொடலாம். மூக்குப் பகுதியில் குறுக்காகப் படுக்கை. சாமான் பெட்டியின் மேல் ஒரு பிளைவுட் பலகை, அதன்மேல் நுரை மெத்தை, மூன்று பக்கமும் மெல்லிய தகரச் சுவர்.

அந்த மாதிரி வண்டியில் குளிர்நாளில் படுத்தவர்களுக்குத்தான் இந்தச் சங்கதி தெரியும். உடம்பின் சூடும் மூச்சின் ஆவியும் மெத்தை வழியாக மெல்லக் கீழே இறங்கும். அடியில் சில்லென்று கிடக்கிற பலகையைத் தொட்டதும் ஐஸ் போட்ட தம்ளரின் வெளிப்புறம் மாதிரி அது வேர்த்துவிடும். மேலே படுத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. காலையில் மெத்தையைத் தூக்கினால் பலகையில் முத்து முத்தாகத் தண்ணீர். அதுவும் கண்டபடி இருக்காது. படுத்தவர் எப்படிப் படுத்தாரோ அந்தச் சாயலில்தான் இருக்கும். அவர் மல்லாந்து படுக்கிறவர், கதவோரம் ஒரு பெரிய நீளவட்டம். அவள் மரக்கட்டை மாதிரி நேராகப் படுக்கிறவள், சுவரோரம் ஒடுக்கமாக ஒரு பட்டை. தினமும் மெத்தையின் விளிம்பைத் தூக்கி வாளியை முட்டுக்கொடுத்து, பழைய துண்டால் பலகையை ஒற்றி எடுத்துப் பிழிந்து, மதியம் வரை காற்றாட விடுவது அவள் வேலை. விட்டால் மூலையில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை பூக்கும். ஏற்கனவே கொஞ்சம் பூத்திருந்தது.

துண்டு பிழிவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் உலர்த்தும் பிரிவில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறாள். விரிப்பு அதிகமாகக் காய்ந்தால் ரோலரில் கசங்கல் போகாது, ஈரம் மிஞ்சினால் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தை அளக்கிற மீட்டர் கெட்டு ஏழு வருஷமாகிறது. யாரும் சரிசெய்யவில்லை. அவள் கை இருந்ததே. விரிப்பை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு "இன்னும் மூணு நிமிஷம்" என்பாள், அது மூன்று நிமிஷம்தான். கூடத்தில் அவளுக்குத் 'தராசு' என்று பெயர். நேரில் கூப்பிடும்போது மரியாதைக்குத் தராசம்மா.

அந்தக் கைதான் சொன்னது, இது அவர் தண்ணீர் இல்லை என்று.

ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று அவளுக்கு வேலை மாறி மாறி வரும். பகல் வாரங்களில் பலகையில் இரண்டு பேரின் ஈரம் இருக்கும். இரவு வாரங்களில் கதவோரம் அந்த நீளவட்டம் மட்டும். அன்றைக்கோ கதவோரம் காய்ந்து கிடந்தது. சுவரோரம் ஈரம். துண்டால் ஒற்றித் தூக்கிப் பார்த்தாள். ஒரு ஆளின் தண்ணீர்தான். ஆனால் அவரைவிடக் குறைவு, அவளைவிடவும் குறைவு. பட்டையாகவும் இல்லை. மூலைக்குள் ஒதுங்கி, உருண்டையாக, முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு யாரோ படுத்த மாதிரி.

"என்னங்க, நேத்து என் பக்கமா படுத்தீங்க?"

அவர் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். கொப்பளித்துத் துப்பிவிட்டுத்தான் பதில் சொன்னார். "ஏன்?"

"ஈரம் அங்க இருக்கு."

"மேல ஒழுகும். தகரத்துல எங்கயாவது ஓட்டை இருக்கும்."

"மழையே பெய்யலையே."

"பனி பெய்யுதுல்ல" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

பனி பெய்து கூரை ஒழுகிய கதையை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. அவரோ அதோடு நிற்கவில்லை. அன்று மத்தியானம் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தோடு வந்து, ட்யூபில் ஓட்டை பார்க்கிற மாதிரி டிரெய்லரின் இணைப்புகளில் எல்லாம் நுரையைத் தடவினார். உள்ளே கம்ப்ரசர் குழாயை நுழைத்துக் கதவைச் சாத்தி அவளைக் காற்று விடச் சொன்னார். வெளியே நின்று காதை வைத்துக் கேட்டார். ஒரு குமிழிகூட வரவில்லை. "நல்லா பாருங்க, வண்டி பறந்துடப் போகுது" என்று உள்ளிருந்து அவள் சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை. முப்பது வருஷமாக ஓட்டை கண்டுபிடிக்கிற மனிதர், ஓட்டை இல்லை என்று தெரிந்தும் கூரை விளிம்பு முழுக்க ரப்பர் பசையைப் பூசினார். அதுதான் அவள் மனதில் தைத்தது. இல்லாத ஓட்டையை ஒருவர் இவ்வளவு சிரத்தையாக அடைக்கிறார் என்றால், இருக்கிற ஓட்டை வேறெங்கோ இருக்கிறது.

அடுத்த இரவு வாரத்தில் அவள் வந்தபோது பலகை துடைத்து வைக்கப்பட்டிருந்தது. இருபத்தாறு வருஷத்தில் தான் குடித்த தம்ளரைக் கழுவி வைத்தறியாத மனிதர் வீட்டில். அவள் மெத்தையைப் புரட்டி அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். பலகையைத் துடைத்த கைக்கு மெத்தையின் அடிப்பக்கத்தைத் துடைக்கத் தோன்றவில்லை. அங்கே இருந்தது அதே உருண்டை, அதே மூலை.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். பார்க்கப் பார்க்கக் கிடைத்தது. கடையைத் திறப்பதற்கு முன்பே அவர் தலைமுடியில் ரப்பர் வாடை. தூங்கி எழுந்தவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கு வலது முழங்கால் மடங்காது, அதனால்தான் கதவோரம் படுப்பார். தவழ்ந்து சுவரோரம் போக அவரால் முடியவே முடியாது. ஆக அவர் படுக்கையில் படுக்கவில்லை. வேறு யாரோ படுக்கிறார்கள். படுக்கையை யாருக்கோ கொடுத்துவிட்டு இவர் வெளியில் கிடக்கிறார் என்றால் அதில் தப்பு இருக்காதே என்று ஒரு மனம் சொன்னது. எவ்வளவு நேரம் வெளியில் கிடக்கிறார் என்று உனக்கெப்படித் தெரியும் என்று இன்னொரு மனம் கேட்டது. பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் இரண்டும் மாறி மாறிப் பேசின. அவள் மெத்தைமேல் சுருண்டு, முழங்காலை மடக்கி, அந்த உருண்டைக்குள் தன் உடம்பு அடங்குகிறதா என்று பார்த்தாள். அடங்கவில்லை. ஒல்லியானவள். சின்னவள்.

கூடத்தில் விரிப்பு மடிக்கிற மேசையில் ஒருத்தி இருந்தாள். மடிப்புக்காரி என்பார்கள். இவளைவிடப் பதினைந்து வயது இளையவள், வாய் மட்டும் மூத்தது. அவளிடம் பட்டும் படாமலும் சொன்னாள், யாரோ ஒரு பக்கத்து வீட்டுக் கதைபோல.

"அக்கா, ஆம்பளை படுக்கையில பக்கம் மாறினா மனசுலயும் பக்கம் மாறிட்டான்னு அர்த்தம்."

"உன் வாயில சோப்புத்தூளக் கொட்ட."

"கொட்டுங்க. ஆனா உங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு டயர் கடையில யாரு அடிக்கடி வர்றாங்கன்னு பாருங்க."

அடிக்கடி வருகிறவள் ஒருத்தி இருந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற பெண். மாதம் மூன்று பஞ்சர். ஒரு நாள் அவள் வந்திருந்தபோது இவள் வேண்டுமென்றே கடைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, உன் ரோட்டுல மட்டும் ஆணி விதைச்சிருக்காங்களா?"

வேன்காரி கடகடவென்று சிரித்தாள். "அண்ணன்தான் யாவாரத்துக்கு விதைச்சிட்டு வர்றாரோ என்னமோ. நீங்கதான் கேட்டுச் சொல்லணும் அண்ணி!"

நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். இவள் கண்ணால் அளந்தாள். ஆஸ்பத்திரியின் ஒற்றைக் கட்டில் விரிப்பு வேன்காரிக்கு முழங்கால் வரைக்கும்தான் வரும். அவள் படுத்தால் பலகை முழுக்க நனையும். இவள் எழுந்து வந்துவிட்டாள். சந்தேகம் தீர்ந்த நிம்மதி வரும் என்று பார்த்தால், அது வரவில்லை. முகம் இருந்த சந்தேகம் போய் முகம் இல்லாத சந்தேகம் வந்து உட்கார்ந்தது.

ஒல்லியாக, சின்னதாக ஒருத்தி அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேச்சு அந்த டிரெய்லருக்குள் கிடையாது. அவர்களுக்கு ஒரே மகள். மூன்று வருஷம் முன்பு, டயர் மாற்ற வந்துபோய்க்கொண்டிருந்த ஒரு லாரிக்காரனோடு போய்விட்டாள். அவனுக்கு ஏற்கனவே குடும்பம் இருந்தது தெரிந்தே போனாள். ஒரு தடவை துணிமணி எடுக்கத் திரும்பி வந்தபோது, வாடகை வீட்டு வாசலில் குறுக்கே நின்றுகொண்டு அம்மா சொன்னாள்: "இனி நான் இருக்கிற வீட்டுல உனக்குப் படுக்க ஒரு அடி இடம் கிடையாது." தெருவே கேட்டது. அவள் சொன்னால் சொன்னதுதான் என்று பெயர் எடுத்தவள். அதன்பிறகு அவர் இரண்டு மூன்று தடவை பேச்சை எடுத்தார். "அந்தப் பேச்சு வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டாள். நாலாவது தடவை அவர் எடுக்கவில்லை. அதனால் மகள் எங்கே இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியுமா என்பதும் தெரியாது. கேட்கக் கூடாது என்று அவளேதான் வைத்த சட்டம். அந்த உருண்டை ஈரத்தைப் பார்த்தபோதெல்லாம் மனம் ஊரில் இருக்கிற பெண்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி அளந்து பார்த்தது. அந்த ஒருத்தியிடம் மட்டும் அளவுகோலைக் கொண்டு போகவில்லை.

அது தெரிந்தது ஒரு பெல்ட் அறுந்ததால். பெரிய உலர்த்தி பாதியில் நின்றுவிட்டது. "மெக்கானிக் எட்டு மணிக்குத்தான் வருவாராம். தராசம்மா, நீங்க கிளம்புங்க" என்று மேற்பார்வையாளர் அனுப்பிவிட்டார். வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். பறவைகள் கத்த ஆரம்பித்திருந்தன, வெளிச்சம் இன்னும் சாம்பல் நிறத்தில் இருந்தது. நடந்து வரும்போது கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறோம் என்ற வேகம் காலில் இருந்தது. கடையை நெருங்க நெருங்க அந்த வேகம் ஏனோ குறைந்தது. பிடித்தபின் என்ன செய்வது என்று அவள் யோசித்திருக்கவில்லை.

கடையின் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே மூன்று பழைய டயர்களை வரிசையாகப் போட்டு, மேலே சாக்கை விரித்து, அவர் படுத்திருந்தார். தலை ஒரு டயரின் ஓட்டைக்குள் அமிழ்ந்து கழுத்து மடங்கிக் கிடந்தது. கம்பளிகூட இல்லை, கடைக் கோட்டைத்தான் போர்த்தியிருந்தார். அவள் சத்தம் போடாமல் நகர்ந்து டிரெய்லர் பக்கம் போனாள். படுக்கைக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடி ஜன்னல் உள்பக்கம் முழுக்க வேர்த்து வெள்ளையாக இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. பழைய டயர்க் குவியலுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. அந்த வெள்ளைக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. உள்ளிருந்து யாரோ கண்ணாடியைத் துடைத்தார்கள். கையால் இல்லை. முழங்கையால். சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு, முழங்கையை வட்டமாகச் சுழற்றி, ஒரு தம்ளர் வாய் அளவுக்கு.

கண்ணாடியில் கை வைத்தால் தடம் விழும் என்று அடித்து அடித்து அப்படித் துடைக்கப் பழக்கியவள் அவள்தான். முகம் அதற்கப்புறம்தான் தெரிந்தது. ஒரு கண், பாதி மூக்கு. விடிந்துவிட்டதா என்று அந்தக் கண் வானத்தைப் பார்த்தது. டயர்க் குவியலைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து மகள் இறங்கினாள், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு. அவள் நினைத்திருந்ததைவிட ஒல்லி. கடைக்குள் போய் அப்பாவை எழுப்பினாள். அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பலகையைத் துடைச்சியா?"

"துடைச்சேம்பா. துடைக்கத் துடைக்க வேர்க்குது அது." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. வாயில் கையை வைத்துப் பொத்திக்கொண்டு குனிந்து இருமினாள்.

"இந்தக் குளிர்ல மறுபடியும் பஸ் ஸ்டாண்டுக்குப் போவாத. கடைக்குள்ள உக்காரு, நான் ஏதாவது சொல்லிக்கிறேன்."

"வேணாம்பா. அம்மா வர்ற நேரம். பாத்தா உங்களுக்குத்தான் கஷ்டம்." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "அவங்க சொன்ன சொல்ல மாத்த மாட்டாங்க."

அதில் கோபம் இல்லை. நாளைக்கும் குளிரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் டயருக்குப் பின்னால் நின்றவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் வெளியே வந்திருப்பாள், திருப்பித் திட்டியிருப்பாள், எதுவோ நடந்திருக்கும். மகள் சாலையில் ஏறி, தோளைக் குறுக்கிக்கொண்டு, தெருவிளக்கு அணையாத பக்கமாகப் போனாள். திருப்பத்தில் இன்னொரு தடவை இருமியது கேட்டது. சலவைக் கூடத்தில் ஈரத் துணிக் கிடங்கில் வேலை செய்கிறவர்களுக்கு வருகிற இருமல் அது. நெஞ்சில் இல்லை, அதற்கும் அடியில்.

அவள் வீட்டுக்குள் போகவில்லை. குவியலுக்குப் பின்னாலேயே வெளியேறி, அடுத்த தெருவைச் சுற்றி, அதையே மறுபடி ஒரு தடவை சுற்றி, வழக்கமான நேரத்துக்கு வழக்கமான பக்கத்திலிருந்து வந்தாள். முதல் சுற்றில் அவர்மேல் ஆத்திரம் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி சோப்பு நுரையும் ரப்பர் பசையும் கொண்டு மறைத்தாரே என்று. இரண்டாவது சுற்றில், வேறு பெண் இல்லை என்பதில் தனக்கு முதலில் சந்தோஷம் வந்ததே, மகளைப் பார்த்த சந்தோஷம் அதற்கப்புறம்தானே வந்தது என்று வெட்கமாக இருந்தது.

"இன்னிக்கும் கொஞ்சம் ஒழுகியிருக்கு" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"இருக்கும்" என்றாள்.

அன்று பகலில் அவள் தூங்கவில்லை. மூலையில் கறுப்புப் புள்ளிகள் உள்ளங்கை அளவு பரவியிருந்தன. மூக்கை வைத்து முகர்ந்தாள். இந்தச் சுவரோரத்தில்தான் மகளின் மூக்கு இருக்கும், மூலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்குகிறவள், தொட்டில் நாளிலிருந்தே. கூப்பிட்டு, "வா, இங்கேயே இரு" என்று சொன்னால் முடிந்துபோகிற காரியம். வாயைத் திறந்து தனியாகச் சொல்லிப் பார்த்தாள். டிரெய்லருக்குள் யாரும் இல்லாதபோதுகூட அந்த வார்த்தை வரவில்லை. தெருவே கேட்கச் சொன்ன சொல் குறுக்கே நின்றுகொண்டிருந்தது, அன்றைக்கு அவள் வாசலில் நின்ற மாதிரியே. வாயால் முடியாது என்று தெரிந்ததும் கை என்ன செய்யும் என்று பார்த்தாள்.

சலவைக் கூடத்தின் ஈரத் தரையில் நின்று வேலை செய்ய மரச்சட்டப் பலகைகள் போட்டிருப்பார்கள். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் இரண்டு விரல் இடைவெளி, அடியில் குறுக்குக் கட்டைகள். தண்ணீர் கீழே ஓடும், கால் காய்ந்திருக்கும். கழித்துக் கட்டிய ஒன்று பாய்லர் அறைக்குப் பின்னால் கிடந்தது. மேற்பார்வையாளரிடம் கேட்டாள்.

"அதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"படுக்கப் போறோம்."

அவர் விளையாட்டு என்று நினைத்துத் தலையாட்டிவிட்டார். அதைத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் பாய்லர் குழாய்மேல் போட்டுக் காயவைத்து, கை போதும் என்று சொன்னபிறகு மடிப்புக்காரியும் அவளுமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டிரெய்லரில் வைத்துப் பார்த்தால் அது பாதிப் படுக்கைக்குத்தான் வந்தது. இரண்டாவது பலகை கிடையாது.

கணவர் ரம்பத்தோடு வந்து நின்றார். ஒரு மூலையை அறுத்துக் கொடுத்தார். கறுப்புப் புள்ளிகளை அவள் கொதிநீரும் கூடத்து மருந்தும் போட்டுத் தேய்த்து எடுத்திருந்தாள். பிளைவுட் பலகையில் காற்றுப் போக வரிசையாக ஓட்டை போடச் சொன்னாள், டிரில்லை எடுத்துப் போட்டார். பிறகு அவள் சட்டப் பலகையைத் தூக்கிச் சுவரோரமாக வைத்தாள். தகரத்தில் ஒட்டாமல் நாலு விரல் இடம் விட்டு.

அவர் கையில் டிரில்லோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கமா?" என்றார் கடைசியில். "நீ இந்த வாரம் ராத்திரி இங்க இல்லையே."

"நான் இல்லைன்னா என்ன?" மெத்தையை அதன்மேல் இறக்கி, விளிம்பைத் தட்டிச் சரிசெய்தாள். "அந்தப் பக்கம்தானே ஈரம்."

டிரில்லின் ஒயரை அவர் சுற்ற ஆரம்பித்தார். சுற்றி முடித்து, அவிழ்த்து, மறுபடி சுற்றினார். வெளியே யாரோ ஹார்ன் அடித்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் உடனே போகவில்லை.

"கதவோரத்துக்கு?"

"அதுக்கு இப்ப அவசரம் இல்லையே" என்றாள். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில், கழித்த ஆஸ்பத்திரிக் கம்பளி ஒன்றை நாலாக மடித்துக் கடையில் அந்த மூன்று டயர்கள்மேல் வைத்துவிட்டுப் போனாள். வழக்கத்துக்கு விரோதமாக டிரெய்லரின் மேல் காற்றுத் துளையைத் திறந்தே வைத்தாள், "மூடாதீங்க, குளிர்ந்தாலும் பரவாயில்ல" என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டினாள். அந்த எழுத்து அவருக்கு மட்டும் என்று யார் படித்தாலும் நினைத்துக்கொள்ளலாம்.

அதற்கப்புறம் தன் பகல் வாரங்களை எல்லாம் மடிப்புக்காரியிடம் கொடுத்து, அவளுடைய இரவு வாரங்களை வாங்கிக்கொண்டாள்.

"அக்காவுக்குப் பைத்தியமா? வீட்டுல ஆளை நம்பாம இருந்தவங்க, இப்ப எல்லா ராத்திரியும் அவரைத் தனியா விடுறீங்க?"

"அது பக்கத்து வீட்டுக்காரர்."

"சரி, பக்கத்து வீட்டுக்காரர்தான். யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"யாரு?"

"ஒல்லியா ஒருத்தி."

மடிப்புக்காரி கையிலிருந்த விரிப்பைப் போட்டுவிட்டாள். "அப்புறம்? சும்மாவா விட்டாங்க அந்த அம்மா?"

"அவ இருமுறா" என்றாள் தராசு, உலர்த்தியின் கதவைத் திறந்துகொண்டே.

சட்டப் பலகை வேலை செய்தது. ஒரு வாரத்தில் பலகை காய்ந்தது, இரண்டாவது வாரத்தில் மெத்தையின் அடிப்பக்கமும். கையை உள்ளே விட்டால் மரத்தின் சொரசொரப்பும் காற்றும் மட்டும். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளும் மகள் வந்தாளா என்று சொன்னது அந்த ஈரம்தான். எத்தனை மணிக்கு வந்தாள், நன்றாகத் தூங்கினாளா, புரண்டுகொண்டே இருந்தாளா என்றெல்லாம் அது சொல்லியிருக்கும், கேட்கத் தெரிந்திருந்தால். இப்போது பலகை வாயை மூடிக்கொண்டது. தினமும் காலையில் கையை விட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. வந்ததாலும் காய்ந்திருக்கலாம், வராததாலும் காய்ந்திருக்கலாம். அவரைக் கேட்க முடியாது. தலையணையில் பள்ளம் இருந்தால் அவர் தட்டிவிட்டிருப்பார். ஒரு நாள் டயர்மேல் கம்பளி மடிப்புக் கலையாமல் இருந்தது. அன்றைக்கு முழுக்க, வரவில்லையோ, பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டாளோ, இல்லை அவர் கம்பளியை ஒழுங்காக மடிக்கக் கற்றுக்கொண்டாரோ என்று மாறி மாறி நினைத்தாள்.

அவருக்கும் நிம்மதி இல்லை. இவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் ஏன் கத்தவில்லை? தெரியாவிட்டால் ஏன் சுவரோரம்? அவள் வேலைக்குக் கிளம்பும்போது பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நிற்பார். ஒரு சாயங்காலம் சலவைக் கூடத்து வாசல்வரை வந்து, அவள் உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மடிப்புக்காரிதான் சொன்னாள், "உங்க பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்னாருக்கா" என்று. இருபத்தாறு வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இவ்வளவு உற்றுப் பார்த்துக்கொண்டது அந்தக் குளிர்காலத்தில்தான்.

குளிர் முடிந்ததும் மகளுக்கு ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, மாடியில் ஒரு அறையும். அம்மாவுக்கு அது நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அதுவரை இரவு வேலையை விடவில்லை. அவளை நடுத்தெருவில் விட்டுப்போன லாரிக்காரன் அந்தப் பக்கம் பிறகு வரவேயில்லை. மறு வருஷம் டயர்க்காரரின் கழுத்து எலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பழக்கதோஷத்தில் அவள் கை மெத்தைக்கு அடியில் போனது. "ஈரமாம்மா?" என்று மகள் கேட்டாள். "இல்ல, காய்ஞ்சிருக்கு" என்றாள். நான்கு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். மறுநாள் கொஞ்சம் கூடுதலாகப் பேசினார்கள். இருமல் போய்விட்டது. சலவைக் கூடத்தில் மீட்டர் இன்னும் சரியாகவில்லை. வேன்காரிக்கு மாதம் மூன்று பஞ்சர் இன்னும் ஆகிறது.

வீடு கிடைத்ததும் டிரெய்லரை யாரோ சாமான் போட்டு வைக்க வாங்கிப்போனார்கள். போவதற்கு முன் அவர் படுக்கைப் பலகையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார். இப்போது அது கடையில் ட்யூப் ஒட்டுகிற மேசை. ஒரு நீளவட்டம், ஒரு ஒடுக்கமான பட்டை, ஓட்டைகளுக்கு நடுவே மூலையில் சுருண்ட ஒன்று என்று மூன்று கறைகள் அதில் இருக்கின்றன. நாளெல்லாம் சோப்புத் தண்ணீர் அதன்மேல் சிந்துகிறது. சிந்தியதும் மூன்றும் மறைந்துவிடும். காய்ந்ததும் திரும்பத் தெரியும்.